என் ரத்தத்தில் நீ அளந்தது

சரவணா,

இதை ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய், கை கால் கழுவி, எதையாவது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. உன் அம்மா எழுதினால் நீளமாகத்தான் இருக்கும், உனக்குத் தெரியாததா. பதறிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் இருக்க, விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ தேன்மொழியிடம் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தை மாசம் உன் கல்யாணம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. என்ன உண்மை என்று உனக்குத் தெரியும். நான் மலைக்குப் போனதும், உன் மாமா வீட்டில் நடந்ததும் உனக்குத் தெரியாது. தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்தே எழுதுகிறேன். நீ உன் பக்கத்திலிருந்து பார்த்ததை என் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்.

உனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அளந்து கொடுத்து, சமைத்து முடித்ததும், பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் நான் ஒரு கரண்டி தின்று பார்க்க வேண்டும். அதுதான் முறை. தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் விழுங்கிய பிறகுதான் அவற்றுக்குச் சோறு. எந்த ஊரிலாவது சத்துணவில் பல்லி விழுந்தது என்று டிவியில் வந்துவிட்டால் மறுநாள் நாலு அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். அன்றைக்கு நான் ஒரு கரண்டியோடு நிறுத்த மாட்டேன். ஒரு தட்டு நிறையப் போட்டு, அவர்களைப் பார்த்து உட்கார்ந்து, முழுசாகத் தின்பேன். பேசாமல் போய்விடுவார்கள். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் புத்தி என்னை விடவில்லை. இத்தனையும் அதனால்தான் வந்தது.

என் நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது நீ சென்னையில் அந்த மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு. நன்றாகத்தான் இருப்பேன், திடீரென்று உள்ளே ஒரு கோழிக்குஞ்சு மாட்டிக்கொண்டு படபடக்கிற மாதிரி இருக்கும். கள்ளக்குறிச்சி டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவர ஒரு மாத்திரை எழுதினார். தினம் காலையில் ஒன்று. ஒருநாளும் நான் தவறவிட்டதில்லை, கூட்டிப் போட்டதும் இல்லை. உங்கப்பா போன பிறகு, நானும் விழுந்துவிட்டால் உனக்கு யார் என்ற பயத்திலேயே இந்த உடம்பைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தவள் நான். அந்தப் பயம் இப்போது குறைந்திருக்கிறது. அதற்குக் காரணம் தேன்மொழி. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நீ அவளைப் பற்றிச் சொன்னபோது நான் ஒருநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். சேலத்தில் நர்ஸ் வேலை, நல்ல பெண், எல்லாம் சரி. கல்வராயன் மலைப் பெண் என்றதும் எனக்குள்ளும் என்னமோ செய்தது. மறுநாள் வெட்கமாகப் போய்விட்டது, சரி என்றேன். உன் மாமாவுக்குத்தான் ஒப்பவில்லை. அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. உங்கப்பா போனபோது ஏழாவது படித்துக்கொண்டிருந்த உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரிந்தவன். அவன் மக்காச்சோளம் கொண்டுபோய்ப் போடும் மண்டியில் மூட்டை இறக்குகிற ஒரு சிநேகிதன் இருந்தான், கருணாபுரத்துக்காரன். கள்ளச்சாராயச் சாவு நடந்த வருஷம் அவனும் போய்விட்டான். ஆஸ்பத்திரி வாசலில் அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு உன் மாமாதான் நின்றான். மலைச் சாராயம் என்று யாரோ சொன்னார்கள், அதை யார் காய்ச்சினார்கள், எங்கிருந்து வந்தது என்று இவனுக்கு என்ன தெரியும். ஆனால் மலையிலிருந்து இறங்குகிற எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டான். நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். துக்கத்தில் எடுத்த முடிவோடு வாதாடி ஜெயிக்க முடியவில்லை.

ஆவணியில் பூ வைத்துவிட்டு வந்த வாரமே அலமேலு சம்பந்தியம்மா வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி ஒரு சாக்குப் பை அனுப்பினாள். பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிவந்து பிரித்தால் எல்லாம் பம்ளிமாஸ். அவள் வீட்டுப் பின்னால் நிற்கிற மரத்துக் காய்ப்பு. ஒவ்வொன்றும் குழந்தையின் தலை அளவு. உள்ளே சிவந்த சுளை, புளிப்பும் இனிப்பும், கடைசியில் நாக்கில் ஒரு சின்னக் கசப்பு. உன் மாமா அப்போது வந்திருந்தான். ஒரு சுளையை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அத்த ஓரமா வை யக்கா. நீயும் துன்னாத. இன்னாத்த வெச்சுக் குடுத்துக்கிறாங்களோ.”

“தோலு உரிக்காத பழத்துல இன்னாத்தடா வெப்பாங்க?”

“உனக்குத் தெரியாது. ஊசியில ஏத்துவாங்க.”

ஊசியில் ஏற்றுவார்களாம். எனக்கு வந்த கோபத்தில் அவன் கண் முன்னாலேயே அந்தப் பழம் முழுவதையும் தின்று முடித்தேன். மறுநாள் காலையிலும் தின்றேன். அவன் தினமும் பால் ஊற்ற வருவான் இல்லையா, அந்த நேரம் பார்த்து உரிப்பேன். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, அப்படியே சுளையைப் பிட்டு வாயில் போடுவேன். வாரம் ஒரு சாக்கு வந்தது. நானும் விடவில்லை. பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்ற அம்மாக்களுக்குத் தின்று காட்டிய மாதிரி இவனுக்குத் தின்று காட்டினேன். நாளாக ஆக அவன் முகம் சுண்டிப்போனது, எனக்கு அது இனிப்பாக இருந்தது. பொய் சொல்வானேன்.

ஐப்பசி பௌர்ணமிக்கு ரிஷிவந்தியம் கோயிலில் அன்னாபிஷேகம் பார்க்க நானும் உன் மாமாவும் போனோம். சாமி மேல் சோறு சாத்தியிருந்தார்கள். அத்தனை சோற்றையும் பார்த்து, எத்தனை படி அரிசி பிடித்திருக்கும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பழைய பழக்கம். அப்போதே கால் இரண்டும் பஞ்சு மாதிரி இருந்தது. சில நாளாகவே தலை சுற்றல் இருந்தது, நான் யாருக்கும் சொல்லவில்லை. பிரகாரத்தில் திரும்பினது தெரியும். அப்புறம் உன் மாமாவின் சட்டை பட்டன் என் கன்னத்தில் குத்தியதுதான் தெரியும். என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறான். இந்த வயசில், அந்த இடுப்பு வலியோடு. ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பு ரொம்பக் கம்மி என்றார்கள். கண்ணைத் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

“சொன்னனே, கேட்டியா? தெனமும் மூட்ட மூட்டயா துன்னுக்கினு இருந்த. இப்ப இன்னா ஆச்சு பாரு.”

சொல்லிவிட்டு அழுதான். நீ வந்து சேரும்வரை என் கட்டிலை விட்டு அவன் நகரவில்லை.

டாக்டர் என்னைக் கேட்டது வேறு. “மாத்திரை ரெண்டு ரெண்டா போட்டுட்டீங்களாம்மா? வயசானவங்க மறந்துட்டு திரும்பப் போடறது உண்டு” என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பருப்பு அளந்து கொடுத்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது. நீதான் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் அளந்து பார்த்துவிடலாம் என்றாய். உப்பு, சர்க்கரை பார்க்கிற சாதாரண டெஸ்டில் அது தெரியாது என்றாய். டாக்டரும் சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை, மாத்திரை போடும் நேரத்துக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். அதைச் சுழற்றி, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் தண்ணீரை மட்டும் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு நீ சென்னைக்குப் போனாய். உன் மேலதிகாரியும் சீட்டைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார், நல்ல மனுஷர்.

போகும் முன்னால் நீ எனக்கும் மாமாவுக்கும் விளக்கிச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. விழுங்கிய மாத்திரை உடம்புக்குள் விழுங்கியபடியே இருப்பதில்லை. குடலும் ஈரலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாற்றும். மாறியதும் சும்மா இருக்காது, அதுவும் இதயத்தில் வேலை செய்யும். அதனால் போட்ட மருந்தையும் அளக்க வேண்டும், மாறிய மருந்தையும் அளக்க வேண்டும். முதலில் அளவு தெரிந்த மருந்தைக் கலந்து இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, அதை வைத்துத்தான் என் ரத்தத்தை அளப்பீர்கள். நான் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன் மாமா கேட்டது ஒன்றே ஒன்று.

“வேற எதுனா கலந்திருந்தா அந்த மிஷின் காட்டுமா?”

“நாம எத்த தேடறமோ அத்தத்தான் மாமா காட்டும். தேடாதத காட்டாது” என்றாய்.

அவனுக்கு அது திருப்தியாக இல்லை. எனக்கு உன் நேர்மை பிடித்திருந்தது. காட்டும் மாமா, ஒன்றும் இல்லை மாமா என்று சொல்லி அவன் வாயை அடைத்திருக்கலாம். நீ அப்படிச் செய்யவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை அடுத்த வாரம் செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முடிவு வந்ததும் போனில் சொன்னாய். தாளில் கோடு இரண்டு இடத்தில் கோபுரம் மாதிரி எழும்புமாம். ஒன்று நான் போட்ட மருந்து, பக்கத்தில் மாறிய மருந்து. இத்தனை நாளாக மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு இரண்டும் கிட்டத்தட்டச் சம உயரத்தில் நிற்க வேண்டும். எனக்கோ, போட்ட மருந்து அளவுக்கு மேல் ஓங்கி நிற்க, மாறிய மருந்து தரையோடு தரையாகக் கிடந்தது. இரண்டு மாத்திரையாகப் போட்டிருந்தால் இரண்டுமே ஏறியிருக்கும், நீ போடவில்லை அம்மா, மருந்து மாறுகிற இடத்தை எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாய். என் மேல் விழுந்த பழி அந்த நிமிஷம் போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாய். கேழ்வரகுக் களி, முருங்கைக் கீரை, மரவள்ளிக் கிழங்கு, ரசம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பழத்தை மட்டும் விட்டுவிட்டேன். எனக்கு அப்போதே மனசில் தட்டிவிட்டது, சரவணா. நீ விடாமல், “எலுமிச்ச சாதியில பெரிய பழம் எதுனா துன்னியாம்மா? பம்ளிமாஸ் மாதிரி?” என்றாய். தினமும் தின்றேன் என்று ஒத்துக்கொண்டேன். மலையிலிருந்து வருவது உனக்குத் தெரியுமே. பழத்தில் எந்தக் குற்றமும் இல்லை, மற்றவர்கள் தின்றால் ஒன்றும் ஆகாது, இந்த மாத்திரையோடு சேர்ந்தால்தான் வம்பு என்று மெதுவாகச் சொன்னாய். டாக்டரிடம் நீயே பேசினாய். அவர் மாத்திரையைக் குறைத்தார், பழத்தை நிறுத்தச் சொன்னார். அதுவரை எல்லாம் சரி. அதன் பிறகு என்ன சொன்னாய்? “மாமாவுக்குத் தெரிஞ்சா கல்யாணத்தையே நிறுத்திடுவாரு. தேனுக்குத் தெரிஞ்சா உடைஞ்சி போயிடுவா. யாருகிட்டயும் பழத்தப் பத்திப் பேசாத. ரெண்டு மாத்திர போட்டுட்டேன்னு சொல்லிடு.” என் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிட்டு, அதே மூச்சில் அதை நானே எடுத்துப் பூசிக்கொள்ளச் சொன்னாய்.

நான் சொன்னேன். உனக்காகச் சொன்னேன். தெருவில் எல்லாரும், பாவம், சத்துணவு டீச்சருக்கு ஞாபகம் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். கடைக்காரன் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் காட்டினான். அதெல்லாம் போகட்டும், நான் பொறுத்துக்கொண்டேன். மலையிலிருந்து சாக்கு வருவது நிற்கவில்லை. யாருக்காவது கொடுத்தால் ஏன் நீ தின்னவில்லை என்று கேட்பார்களே என்று வாசலுக்கு வரும் கோயில் மாட்டுக்குப் போட்டேன். அலமேலு போன் பண்ணி, “பழம் இனிப்பா கீதுங்களா சம்பந்தி?” என்று கேட்பாள். நல்லா கீதுங்க என்பேன். போனை வைத்துவிட்டு மாட்டு முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கும். இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தபோது ஓங்கி நின்றது இறங்கி, குட்டையாக இருந்தது எழும்பியிருக்கிறது என்று நீ சந்தோஷப்பட்டாய். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

உன் மாமாவை மட்டும் அந்தப் பொய்யால் அசைக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பாலை ஊற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். “எங்க அக்கா ஒரு கை பருப்பு ஜாஸ்தியா போட மாட்டா. அவ ரெண்டு மாத்திர போட்டாளாம், நான் நம்பணுமாம். ஆத்தாளும் புள்ளயும் சேர்ந்து அந்த மலைக்காரங்களுக்காக எத்தையோ மறைக்கிறீங்க. நான் மாலை எடுத்துக் குடுக்க வர மாட்டேன்” என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தாய்மாமன் நிற்காமல் நம் வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது? அதைவிட எனக்கு இன்னொன்று உறைத்தது. நாம் பொய் சொன்னதால் அவன் சந்தேகம் பெருசாகியிருந்தது. இனி அவன் நாலு பேரிடம் பேசுவான், அது மலை ஏறும், நீதான் விஷம் வைத்தாய் என்று அலமேலு காதில் போய் விழும். அதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் காலை பஸ் ஏறினேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் தடுப்பாய்.

கச்சிராயபாளையம் தாண்டி வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அலமேலு சாமை காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் கொடுத்த காபியைக் குடிக்கும் வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மயக்கம், ரத்தம், இரண்டு கோபுரம், பழம், என் தம்பி பேசினது, மாட்டுக்குப் போட்டது வரை. அவளுக்குப் பாதி புரிந்ததோ என்னவோ.

“என் பழத்தாலயா?” என்றாள்.

“பழத்தால இல்லீங்க. பழமும் மாத்திரையும் சேர்ந்ததால.”

எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் அரிவாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுப் பின்னால் நடந்தாள். மரத்தடியில் போய் முதல் கிளையைப் பிடித்துவிட்டாள். நான் மூச்சிரைக்க ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

“விடுங்க சம்பந்தி. ஒரு உசுரு போவப் பாத்துச்சு. இது இன்னாத்துக்கு நிக்கணும்?”

“இத்த நீங்க வெட்டினா என் தம்பி சொன்னது நெசம்னு ஆயிரும். தப்பு பண்ணவங்கதான் வெட்டுவாங்க.”

அவள் நின்றாள். அரிவாளைக் கீழே போடவில்லை, ஆனால் நின்றாள். கிளையை விட்டுவிட்டு, “ஏங்க அவ்ளோ துன்னீங்க?” என்றாள்.

“உங்க மேல எனக்கு நம்பிக்க கீதுன்னு அவனுக்குக் காட்டத்தான்.”

“நம்பிக்க இருந்தா ஒரு சொளை போதுமே சம்பந்தி.”

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். பிடித்திருந்தால் ஆசைக்கு நாலு சுளை தின்போம், மீதியை அக்கம்பக்கத்தில் கொடுப்போம். நான் அவள் அனுப்பிய பழத்தைத் தின்றது அவளுக்காக இல்லை. என் தம்பியை ஜெயிப்பதற்காக. நான் தின்ற ஒவ்வொரு பழமும் அவனுக்குச் சொன்ன பதில், அதில் அலமேலு எங்கே இருந்தாள்? பஸ் ஸ்டாண்டுக்குச் சுமந்துவந்து அனுப்பியவளை நான் ஒருநாளாவது நினைத்தேனா என்று யோசித்தேன். அங்கே அந்த மரத்தடியில் நின்றபடி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் அவள் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து, “வாங்க, உங்க தம்பி வூட்டுக்குப் போலாம்” என்றாள். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன், கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து இறங்கினோம். உன் மாமா களத்தில் மக்காச்சோளம் வாரிக்கொண்டிருந்தான். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் கூடையை வைத்துவிட்டான். அவள் உட்காரவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, “உங்க அக்காவுக்கு மயக்கம் வந்தது என் பழத்தாலதாங்க. எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. நீங்க சந்தேகப்பட்டது தப்பு. ஆனா பழத்தால வந்ததுன்னு சொன்னது தப்பில்லீங்க” என்றாள். அவன் சண்டை போடத் தயாராக இருந்தான். அவள் எதையும் மறைக்காததால் சண்டைக்கு இடமே இல்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், திரும்பத் துடைத்தான். கடைசியில் உள்ளே போய்த் தன் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துவந்து அவளிடம் நீட்டினான்.

“இதுக்கும் அந்தப் பழம் ஆவாதாங்க?”

“எனக்கு இன்னாங்க தெரியும். உங்க மருமவன கேளுங்க” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். சாப்பிடாமல் போகக் கூடாது என்று உன் அத்தையைச் சோறு போடச் சொன்னான், அலமேலுவுக்கு அவனே தண்ணீர் வைத்தான். மாலை எடுத்துக் கொடுக்க வருவான், அதை அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். ஆனால் கை கழுவும்போது என்னிடம் தனியாக ஒன்று சொன்னான். “ரெண்டு மாத்திரைன்னு நீயா சொல்லல யக்கா. உனக்குப் பொய் சொல்ல வராது. அவந்தான் சொல்லச் சொல்லியிருப்பான். நான் வளத்த புள்ள எனக்கு பயந்துக்கினு கீறான்.” அவனிடம் நீதான் பேச வேண்டும், அது என் வேலை இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அலமேலுவைக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏற்றப் போனேன். சன்னலோரம் உட்கார்ந்தவள், “தேனுக்குத் தெரியுமாங்க?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். அவள் வருத்தப்படுவாள் என்று சரவணன் மறைத்தான் என்றேன். “அவ நர்சு வேல பாக்கறவ. நாலு பேருக்கு மாத்திர எடுத்துக் குடுக்கறவ. அவகிட்டயா மறைக்கிறாரு?” என்றாள். பிறகு, “நான் சொல்ல மாட்டேங்க. அவரே சொல்லட்டும். ஞாயித்துக்கெழம அவ எனக்குப் போன் பண்ணுவா, உங்க ஒடம்பப் பத்திக் கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது. அதுக்கப்பறம் இந்தக் கல்யாணம் வேணுமா வேணாமான்னு அவதான் சொல்லணும்” என்றாள். மிரட்டவில்லை. அவள் மகளின் வாழ்க்கை, அவள் சொன்னது நியாயம்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, கண்ணு. நீ மறைத்தது அவள் மேல் வைத்த ஆசையினால்தான். தன் அம்மாவின் கையால் வந்த பழத்தால் இது நடந்தது என்று தெரிந்தால் அவள் கூனிப்போவாள் என்று பயந்தாய். ஆனால் யோசித்துப் பார். நான் தின்று காட்டியது மாதிரி நீ மறைத்துக் காட்டினாய். நான் அலமேலுவை நினைக்கவில்லை, நீ தேன்மொழியை நம்பவில்லை. உன் வேலையில் ஒரு எண் தப்பாகத் தெரிந்தால் அழிக்கக் கூடாது, மேலே கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னாயே. யாருடைய ரத்தத்துக்கோ காட்டுகிற அந்த மரியாதையைக் கட்டிக்கப் போகிறவளுக்கும் காட்டு. இனி உங்கள் வீட்டில் எவ்வளவோ மருந்து வரும், நோய் வரும், நானும் வயசாகி உங்களிடம் வந்து படுப்பேன். அப்போது எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போகிறவள் அவள். என் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபித்துக்கொள்வாள், கோபித்துக்கொள்ளட்டும். அழுதால் பக்கத்தில் இரு. உடனே சமாதானம் பண்ண வேண்டும் என்று இன்னொரு பொய்யைத் தேடாதே.

இதைப் போனில் சொல்லாதே, நேரில் போ. வெள்ளிக்கிழமை இரவு சேலம் வண்டியைப் பிடி. விடியும் முன் வண்டி நம் சின்னசேலத்தில் நிற்கும். மார்கழிக் குளிருக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு நான் பிளாட்பாரத்துக்கு வருகிறேன், உன் மாமாவையும் கூட்டிவருகிறேன். இட்லி கட்டித் தருகிறேன், சன்னல் வழியாக வாங்கிக்கொள். அம்மா முகத்தைப் பார்த்ததும் உனக்கு இறங்கத் தோன்றும், எனக்கும் உன்னை இறக்கிக் கூட்டிக்கொண்டு போகத்தான் தோன்றும். இறங்காதே, சரவணா. நேரே அவளிடம் போ.

அம்மா